ஏரி உருகக் காத்திருந்த மரகதம் அக்கா

செய்தி வந்தபோது நான் லாரியிலிருந்து சாம்பிராணிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மரகதம் அக்காவின் தையல் கடையில் வேலை செய்யும் ராஜி சாலையைக் கடந்து ஓடிவந்தாள். "அக்கா கடைக்கு வரல, சாந்தியக்கா. வீட்டுக்குப் போய்த் தட்டிப் பார்த்தேன். தொறக்கல. பக்கத்து வீட்டு அங்கிள்தான் கதவ ஒடச்சாரு." லாரிக்காரர், "மிச்சப் பெட்டிய எங்கக்கா வைக்கிறது?" என்றார். "அங்கயே வைங்க" என்று ரோட்டைக் காட்டிவிட்டு நடந்தேன். சரக்கை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிற பெண் நான் இல்லை என்பது என்னோடு வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும்.

தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் என்றார் டாக்டர். துக்கத்துக்கு வந்தவர்கள் "நல்ல சாவு" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது நல்ல சாவு. அக்காவுக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. கனடாவில் ஓர் ஏரி உருக வேண்டும். அதன் பனிக்கட்டி மேல் தன் கையால் வைத்துவிட்டு வந்த மகனின் அஸ்தி தண்ணீரில் இறங்க வேண்டும். அந்த ஒரு சேதியைக் கேட்கத்தான் அவர் தினமும் காலையில் எழுந்தார். அது வருவதற்குள் இது வந்துவிட்டது.

அக்காவை அறிந்த உங்களில் பலர் அவர் தைத்த ரவிக்கையைப் போட்டிருப்பீர்கள். அவர் வாயையும் கேட்டிருப்பீர்கள். நான் முதலில் கேட்டது வாயைத்தான். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் தொழில் தொடங்கியபோது எனக்குக் கடை கிடையாது. கடைவரிசைக்கு முன்னால் ஆட்கள் நடந்து போகிற அஞ்சடியில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, கற்பூரமும் ஊதுவத்தியும் விற்றேன். எனக்குத் தெரியாமலே அக்காவின் கடை வாசலை மறைத்துவிட்டேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். "எங் கடைய மறைச்சுக்கிட்டு நிக்கிறியே, நீ என்னா சாமியா? நிக்கிற எடத்துல எல்லாரும் கும்பிட்டுட்டுப் போவாங்கன்னு நெனச்சியா?"

நான் மேசையை மடக்கத் தொடங்கினேன். "எங்க போற?" என்றார். "வேற எடம் பாக்கிறேங்க்கா." "வேற எடத்துல இதவிடக் கெட்ட வாய் இருக்கும். இங்கயே நில்லு. ஆனா சும்மா நிக்காத. கற்பூரம் வாங்க வர்ற பொம்பளைங்க கிட்டல்லாம் உள்ள ரவிக்கை தைக்கிறாங்கன்னு சொல்லணும். சொல்லலன்னா மேசைய நானே மடிச்சுருவேன்." அதுதான் எங்கள் ஒப்பந்தம். எனக்கு இன்று மூன்று கடை இருக்கிறது. வாடிக்கையாளர் யாராவது ரவிக்கையைப் பற்றிப் பேசினால் என் கை தானாக அக்காவின் கடைப் பக்கம் நீண்டுவிடும்.

அவருக்குக் கணவர் சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகன் தினேஷ், துணி வெட்டுகிற பெரிய மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். எஞ்சினியர் ஆனான். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். பாகான் டாலாம் ஊர்ப் பெண் கவிதாவைக் கட்டிக்கொண்டான். பிறகு இருவரும் கனடாவில் வின்னிபெக் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை ஊருக்குப் போனார்கள். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. மகன் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நாங்கள் எல்லோரும் அழுதோம். அக்கா அழவில்லை. அவன் சட்டையின் தோளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "ஒரு இஞ்சு எறங்கிப் போச்சு. ஒழுங்காச் சாப்புடு" என்றார். அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியில் காரில் என்னிடம், "அழுவணும்னா வீட்டுக் கதவச் சாத்திக்கிட்டு அழு. கடைக் கதவச் சாத்தாத" என்றார். நான் அவரிடம் அப்போது எதுவும் கேட்டிருக்கவில்லை.

போன வருடம் பனிக்காலம் முடிகிற நேரத்தில், வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளிக்கொண்டிருந்த தினேஷ் அப்படியே விழுந்தான். முப்பத்தொன்பது வயது. அக்காவுக்கு விசா கிடைப்பதற்குள் அங்கே தகனம் முடிந்துவிட்டது. என் கடைக்குப் பின்னால் உள்ள சரக்கறையில், பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதை அவர் போனில் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். "கொஞ்சம் கிட்டக் காட்டும்மா. மொகம் தெரியல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கவிதா கிட்டே காட்டினாள். பெட்டி உள்ளே போன பிறகு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிரே போய்க் கடையில் உட்கார்ந்தார். தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணிகூட அப்போது இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

அஸ்தியைப் பினாங்குக்குக் கொண்டுவந்து நம் கடலில் கரைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கவிதாவும் அப்படித்தான் நினைத்து, அஸ்திப் பெட்டியை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். வருடத் திதி நெருங்கியபோது விசாவும் வந்தது. டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் அக்கா என்னிடம் மட்டும் மனசில் இருப்பதைச் சொன்னார்.

"அங்கயே கரைச்சுடப் போறேன், சாந்தி. அவன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஏரி இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கான் பாரு, படகு ஓட்டுறான்."

"ஏன்க்கா? நம்ம கடல் இருக்கறப்ப..."

"நான் இங்க எத்தன வருசம் இருக்கப் போறேன்? அந்தப் புள்ள அங்க வளருது. அதுக்கு அப்பாவப் பாக்கணும்னா பினாங்குக்கு டிக்கெட் எடுக்கணுமா? ஏரிக்கு நடந்து போனாப் போதும்லா."

பெற்ற மகனைக் கடைசியாக ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவரும் உரிமை அவருக்கு இருந்தது. அதைப் பேத்திக்கு விட்டுக்கொடுத்தார். கவிதாவிடம் இதைப் போனில் சொல்ல வேண்டாம், சொன்னால் அழுவாள், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றார். நானும் சரி என்றேன். கூடப் போவதற்கும் சரி என்றேன். என் கடையிலிருந்தே மண் கலயம், கற்பூரம், மஞ்சள் துணி எல்லாம் எடுத்துக் கட்டினேன். பயணச் சாமான் கட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. தடிமனான சட்டை, கையுறை, காலுறை, தைலம், இஞ்சி மிட்டாய். குளிர் என்றால் காற்றில் இருக்கும், ஆளைப் பிடிக்கும் என்று தெரியும். அது தண்ணீரையும் பிடிக்கும் என்று பினாங்கில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மார்ச் மாதம் என்றால் எங்களுக்கு வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். போட்டோவில் ஏரி நீலமாக இருந்தது. போனால் நீலமாக இருக்கும் என்றுதான் போனோம்.

கவிதாவின் வீட்டில் அக்கா அந்தப் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "பொறந்தப்பவும் இதே கனந்தான்" என்றார். பிறகு ஏரி விஷயத்தைச் சொன்னார். கவிதா அழுதாள். அவள் அழுதது மாமியாரின் மனசை நினைத்து என்று நாங்கள் நினைத்தோம். பாதிதான் அது. மீதியை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் திதி. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு எங்களைக் காரில் கூட்டிப் போனாள். வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தோம். எல்லாப் பக்கமும் வெள்ளை. வயல்வெளி போலத் தட்டையாக, கண்ணுக்கு எட்டிய வரை. அக்கா முன்னால் நடந்துகொண்டே இருந்தார். அஸ்தியை மாற்றிய கலயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"எவ்வளவு தூரம்மா நடக்கணும்? தண்ணி எங்க?" என்றார்.

கவிதா நின்றுவிட்டாள். "நீங்க நிக்கிறதே தண்ணி மேலதான், அத்தை."

அக்கா குனிந்து காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பயம்தான், மறைப்பானேன்? "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன். "பயப்படாதீங்க ஆன்ட்டி, லாரியே ஓடும்" என்றாள் கவிதா. ஆனால் அக்காவின் முகத்தில் பயம் இல்லை. ஒரு வருடம் காத்திருந்து, பாதி உலகத்தைக் கடந்து வந்து, வாசலில் கதவு பூட்டியிருப்பதைப் பார்க்கிற ஆளின் முகம் அது.

"மே மாசத்துலதான் உருகும், அத்தை. நான் கரைச்சிடுறேன். வீடியோ காட்டுறேன்" என்றாள் கவிதா.

"போன தடவையும் போன்லதாம்மா பார்த்தேன்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. கவிதா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கூடாரம். அதன் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கவிதா போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, துளையைக் கை காட்டிவிட்டு விலகி நின்றார். ஒரு வாளி வாய் அளவுதான் இருக்கும். உள்ளே கறுப்பாகத் தண்ணீர். வந்த காரியம் முடிந்தது என்று எனக்கு நிம்மதி. "குடுங்கக்கா" என்றேன். அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வந்தார்.

"குழிக்குள்ள போடுற மாதிரி இருக்கு. கரைக்கத்தான் வந்தேன். பொதைக்க வரல."

தொழில் புத்தி, ஏதாவது ஒரு காரியத்தை முதலில் ஆரம்பி என்றது. "அக்கா, முதல்ல கற்பூரத்த ஏத்துவோம். அப்புறம் யோசிப்போம்" என்றேன். கூடாரத்தின் மறைவில் நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து, தட்டுகூட இல்லாமல், கட்டிக் கற்பூரத்தைப் பனிக்கட்டி மேலேயே வைத்தோம். காற்று இரண்டு தடவை அணைத்தது. பெரியவர் தன் தொப்பியைப் பிடித்து மறைத்தார். பிறகு எரிந்தது. எரிந்து முடிந்தபோது அந்த இடத்தில் ஒரு காசு அகலத்துக்குத் தண்ணீர் நின்றது.

அக்கா கையுறையைக் கழற்றி, அந்தத் தண்ணீரில் விரலை வைத்தார். விரலைத் தூக்கி எங்களிடம் காட்டினார்.

"பாரு. தண்ணிதான்லா இது. நேரந்தான் ஆவும். எம் புள்ள காத்திருப்பான்."

அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. துளையை விட்டு வெகு தூரம் நடந்து, ஆள் காலடி படாத இடத்தில் மண்டியிட்டு, மேலே கிடந்த பனியைக் கையால் ஒதுக்கினார். அஸ்தியைக் கொட்டினார். கவிதா வாங்கி வந்திருந்த மூன்று ரோஜாவை உதிர்த்துப் போட்டார். பிறகு காற்றில் பறக்காமல் இருக்கப் பனியை அள்ளி மேலே போட்டார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "பொதைக்கல சாந்தி. போத்திவிடுறேன்" என்றார். அப்போது தூரத்தில் எங்கோ பனிக்கட்டிக்கு அடியிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வந்தது. நான் கவிதாவைப் பிடித்துக்கொண்டேன். ஏரி அப்படித்தான் சத்தம் போடும், உடையாது என்றாள். அக்கா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். தையல் மெஷினில் ஊசி முறிகிற சத்தத்தைக் கேட்பாரே, அதே மாதிரி.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அஸ்தியைக் கரைத்துவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பூஜைச் சாமான் விற்கிறவள். இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவள். "வாங்கக்கா. திரும்பிப் பாக்காம நடங்க" என்றேன். கடலில் அது சுலபம். அலை வந்து எடுத்துப் போய்விடும். பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. இங்கே அந்த வெள்ளையில் மூன்று சிவப்பு இதழ் பனிக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. எவ்வளவு தூரம் போனாலும் தெரியும். அக்கா எழுந்தார். மகனைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி.

"அக்கா, திரும்புங்க. விழுந்துடுவீங்க."

"நான் திரும்பிப் பாக்கலையே. மொதல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

வியாபாரத்தில் அவர் வாயை நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஜெயிக்க ஆசையும் இல்லை. நான் ஒரு கையையும் கவிதா ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஓர் ஏரி முழுக்கப் பின்பக்கமாக நடந்தார். கரையில் ஏறிக் காரில் உட்கார்ந்த பிறகும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அழு என்று எனக்குச் சொன்னவர், அந்தக் காரின் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கவிதா வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சில் மூடிக்கொள்ளும் வரை அப்படியே இருந்தோம்.

பினாங்குக்குத் திரும்பிய பிறகு அக்காவுக்கு ஒரே ஒரு வேலைதான். காலையில் கடையைத் திறந்ததும் கவிதாவுக்குப் போன். அங்கே அப்போது முதல் நாள் சாயங்காலம். வேலை முடிந்து ஏரிப் பக்கமாகத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். "ஏரி உருகிடுச்சாம்மா?" சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிக் கேட்பார். "இன்னும் இல்ல, அத்தை." "சரிம்மா. புள்ளைக்குச் சளி போயிருச்சா?" பிறகு தையல். இந்த ஏப்ரலில் நாமெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோமே, அக்கா மட்டும் திட்டவில்லை. "இந்தியாவுலேர்ந்து என்னென்னவோ கப்பல்ல வரவழைக்கிறியே சாந்தி, இந்த வெயில்ல ஒரு பெட்டி அங்க ஏத்தி அனுப்பேன்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினை மிதிப்பார்.

தண்ணீர்மலைக் கோயிலுக்கு வாங்க, முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அழைத்தேன். அந்தப் படிகளைத் தைப்பூசம் தவறாமல் ஏறியவர். வரவில்லை. "காரியம் முடியலையே. பாதியில விட்டுட்டு எந்த மொகத்தோட மல ஏறுறது? உருகட்டும். அன்னைக்கே தல முழுகிட்டு வரேன்" என்றார். பூசாரியே பரவாயில்லை என்றுதான் சொன்னார். அக்கா கேட்கவில்லை. அளவு எடுத்த பிறகு யார் சொன்னாலும் மாற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவர் இறந்த அன்று கவிதாவுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. அவள் எண் என் போனில் இல்லை. அக்காவின் போனிலிருந்தே அழைத்தேன். அவர் தினமும் அழைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான். எடுத்த உடனே, நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் இல்ல, அத்தை" என்றாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசிச் சமாளித்திருக்கிறேன். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அவளே "அத்தை? அத்தை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து காவானிலிருந்து அக்காவின் தம்பி மகன் வந்து கொள்ளி வைத்தான். கவிதாவால் நேரத்துக்கு வர முடியவில்லை. அவளுக்குப் போனில் காட்டினேன். அதே கையால், அதே மாதிரி. மறுநாள் படகில் போய் அஸ்தியைக் கரைத்தோம். நம் கடல் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. சாம்பல் விழுந்தது, பூ மிதந்தது, படகு திரும்பியது. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மகன் இன்னும் பனி மேல் காத்திருக்க, தாய் முந்திக்கொண்டு தண்ணீரில் கரைந்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கடவுள் இதில் ஏதோ கணக்குப் பார்த்திருக்கிறார் என்று சொல்லி என்னைத் தேற்ற வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். இன்னும் சில வாரம் கொடுத்திருக்கலாம்.

கடையை இனி ராஜி நடத்துவாள். மெஷின்கள் அவளுக்கு. கத்தரிக்கோலைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டான். உனக்கு என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். அக்காவிடமிருந்து எனக்கு வேண்டியதை, அவர் போன மறுநாள் காலையிலேயே நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். காலையில் என் கடைக் கதவைத் தூக்கியதும், விளக்கை ஏற்றுவதற்கு முன்னால், கவிதாவை அழைக்கிறேன்.

"ஏரி உருகிடுச்சாம்மா?"

"ஓரமெல்லாம் கறுத்துடுச்சு, ஆன்ட்டி. நடுவுல இன்னும் வெள்ளையாதான் இருக்கு."

இன்று காலை அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க தெனம் கூப்புடணும்னு இல்ல ஆன்ட்டி. கடை நேரம். உருகுனா நானே மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்."

"நீ சொல்லுவம்மா, தெரியும்" என்றேன். "ஆனா அவனப் பத்திக் கேக்கறதுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கணும்லா."